கிரீட் தீவுக்கு முதல் பயணம்: கடைசிக் கட்டத்திலிருந்து திட்டமிடும் முறை

மத்தியதரைக் கடல் தீவு ஒன்றுக்கு முதன்முறையாகப் புறப்படுபவர்களில் பெரும்பாலோர் நீண்ட தூர விமானத்துக்கான டிக்கெட்டைத்தான் முதலில் வாங்குகிறார்கள். மலிவாகக் கிடைத்ததே என்று வாங்கிய அந்த டிக்கெட்டுக்குள் கப்பல், விடுதி, வாடகைக் கார், பார்க்க வேண்டிய இடங்கள் என எல்லாவற்றையும் பிறகு நெருக்கித் திணிக்க வேண்டியதாகிறது. தீவுப் பயணத்துக்கு இந்த வரிசை ஒத்துவராது. பெரிய நகரங்களுக்கு இடையே நாளுக்குப் பல விமானங்கள் உண்டு; ஒன்று தவறினால் இன்னொன்றில் ஏறிவிடலாம். கடலைக் கடந்து தீவை அடையும் கடைசிக் கட்டம் அப்படியல்ல. அது பருவத்துக்கும் காற்றுக்கும் வேலைநிறுத்தத்துக்கும் கட்டுப்பட்டது. ஆகவே அந்தக் கட்டத்தை முதலில் முடிவுசெய்து, அங்கிருந்து பின்னோக்கி வந்து, நீண்ட விமானத்தைக் கடைசியாகத் தேர்ந்தெடுப்பதே பாதுகாப்பான முறை. கிரீஸ் நாட்டின் மிகப் பெரிய தீவான கிரீட்டை எடுத்துக்கொண்டு அந்த முறையைப் படிப்படியாகப் பார்ப்போம்.

முதலில் தீவின் அளவு

வரைபடத்தில் கிரீட் ஒரு மெல்லிய கோடுபோலத் தெரிவதால், ஓர் ஊரில் தங்கிக்கொண்டு முழுத் தீவையும் பார்த்துவிடலாம் என்ற எண்ணம் இயல்பாக எழும். உண்மையில் அது கிழக்கு மேற்காக ஏறக்குறைய 260 கிலோமீட்டர் நீளமும், இடத்துக்கு இடம் 12 முதல் 60 கிலோமீட்டர் அகலமும் கொண்டது. பரப்பளவு 8,300 சதுர கிலோமீட்டரைத் தாண்டுகிறது. நடுவே மூன்று மலைத்தொடர்கள் எழுந்து நிற்கின்றன. மேற்கில் வெள்ளை மலைகள், நடுவில் 2,456 மீட்டர் உயரமுள்ள சிலோரிட்டிஸ், கிழக்கில் தீக்தி. பெரிய ஊர்களும் நெடுஞ்சாலையும் வடகரையில் அமைந்திருக்க, தென்கரைக்குச் செல்லும் ஒவ்வொரு சாலையும் மலை ஏறி இறங்கியே போகிறது. தென்கரையில் அகியா ரூமெலி, லூத்ரோ போன்ற ஊர்களுக்குச் சாலையே கிடையாது. படகில் போகலாம், அல்லது நடந்து போகலாம்.

எனவே தூரத்தைக் கிலோமீட்டரில் கணக்கிடாமல் மணியில் கணக்கிடுங்கள். மேற்கிலுள்ள ஹானியாவிலிருந்து நடுவிலுள்ள ஹெராக்லியோனுக்கு ஏறத்தாழ 140 கிலோமீட்டர். காரில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். ஹானியாவிலிருந்து எலாஃபோனிசி கடற்கரைக்கு அதில் பாதி தூரம்தான், ஆனால் வளைந்து வளைந்து செல்லும் மலைச்சாலையில் அதற்கு ஒன்றரை மணி நேரம் வேண்டும். ஹானியாவிலிருந்து கிழக்கு முனையிலுள்ள ஸாக்ரோஸுக்குப் போவதென்றால் ஒரு பகல் முழுவதும் சாலையிலேயே கழிந்துவிடும். இந்த மூன்று கணக்குகளையும் மனத்தில் வாங்கிக்கொண்டால், பின்னர் எடுக்க வேண்டிய பல முடிவுகள் தாமாகவே தெளிவாகிவிடும்.

மாதத்தைத் தேர்ந்தெடுத்தல்

மே மாத நடுவிலிருந்து ஜூன் இறுதி வரையிலும், செப்டம்பர் தொடக்கத்திலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரையிலும் உள்ள வாரங்களே முதல் பயணத்துக்கு ஏற்றவை. வசந்தத்தில் மலைச்சரிவெங்கும் காட்டுப்பூக்கள் இருக்கும், கடல் நீர் மட்டும் இன்னும் குளிர்ந்திருக்கும். செப்டம்பரில் கோடை முழுவதும் சூடேறிய கடல் நீந்த இதமாக இருக்கும், கூட்டமும் மெல்லக் குறையும். ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால், நீந்த விரும்புபவர் செப்டம்பரையும் நடக்க விரும்புபவர் மே மாதத்தையும் எடுத்துக்கொள்ளலாம்.

ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வெயில் கடுமை, விலை உயர்வு, நெரிசல் ஆகிய மூன்றும் சேர்ந்துகொள்கின்றன. அந்த மாதங்களில் ஏஜியன் கடலில் வடக்கிலிருந்து வீசும் மெல்தேமி என்ற காற்று நாள்கணக்கில் நிற்காமல் அடிப்பதுண்டு. அப்போது வடகரைக் கடற்கரைகளில் அலை உயர்ந்து, நீந்த வேண்டாம் என்று சிவப்புக் கொடி ஏற்றப்படும். ஆகஸ்ட் 15 அன்று கன்னி மரியாளின் பெருவிழா வருகிறது. அந்த வாரத்தில் கிரேக்கர்களே பெருந்திரளாகத் தங்கள் சொந்த ஊர்களுக்குப் போவதால் கப்பலிலும் விடுதியிலும் இடம் கிடைப்பது அரிது. நவம்பர் முதல் மார்ச் வரை நகரங்கள் வழக்கம்போல் இயங்கினாலும் கடற்கரை ஊர்களில் பெரும்பாலான விடுதிகளும் உணவகங்களும் பூட்டிக் கிடக்கும். வெளிநாடுகளிலிருந்து நேராக வரும் விமானங்களும் வெகுவாகக் குறைந்துவிடும். அருங்காட்சியகங்களையும் தொல்லியல் தளங்களையும் மட்டும் அமைதியாகப் பார்க்க நினைப்பவருக்கு அது குறையன்று.

எத்தனை இரவுகள், எந்தப் பக்கம்

நீண்ட தூரம் பறந்து வருபவர் தீவில் ஏழு இரவுகளுக்குக் குறைவாகத் தங்குவது, செலவையும் அலுப்பையும் பார்த்தால் பொருந்தாது. ஏழு இரவுகள் என்றால் தீவின் ஒரு பாதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பத்து முதல் பதினான்கு இரவுகள் கிடைத்தால் இரண்டு தங்குமிடங்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள். தினம் ஒரு விடுதி மாறுபவர்கள் தீவைவிடப் பெட்டிகளைத்தான் அதிகம் பார்க்கிறார்கள்.

மேற்குப் பாதிக்கு ஹானியாவோ ரெதிம்னோவோ தளமாக அமையலாம். வெனிஸ் ஆட்சியில் கட்டப்பட்ட துறைமுகங்களும் குறுகிய தெருக்களும் கொண்ட இந்த இரு பழைய நகரங்களும் நடந்து பார்ப்பதற்கென்றே அமைந்தவை. எலாஃபோனிசி, பாலோஸ் கடற்கரைகளும் சமரியா பள்ளத்தாக்கும் இந்தப் பக்கத்தில்தான் உள்ளன. நடுப்பகுதிக்கு ஹெராக்லியோன். ஊர் என்ற அளவில் அது ஹானியாவைப்போல் கண்ணுக்குக் குளிர்ச்சியானதல்ல, ஆனால் பண்டைய மினோவன் நாகரிகத்தின் க்னோசோஸ் அரண்மனையும் தொல்லியல் அருங்காட்சியகமும் இருக்கும் இடம் என்பதால் இரண்டு இரவுகளாவது அதற்கு ஒதுக்க வேண்டும். கிழக்குப் பாதிக்கு அகியோஸ் நிக்கோலாவோஸ் வசதியானது. 1903 முதல் 1957 வரை தொழுநோயாளிகளை ஒதுக்கி வைத்திருந்த ஸ்பினலோங்கா கோட்டைத் தீவுக்கு அங்கிருந்தும், அருகிலுள்ள எலூந்தா, பிளாக்கா ஊர்களிலிருந்தும் படகுகள் போகின்றன. கிழக்குக் கோடியில் வாய் என்ற கடற்கரையை ஒட்டி இயற்கையாக வளர்ந்த பேரீச்சங்காடு ஒன்று உண்டு.

பத்து இரவுகள் உள்ளவருக்கு ஹானியாவில் ஆறு, ஹெராக்லியோனில் நான்கு என்ற பிரிவை நான் பரிந்துரைப்பேன். கிழக்கு விட்டுப்போகிறதே என்ற வருத்தம் வரும், வரட்டும், விடுங்கள்.

கடலைக் கடக்கும் கட்டம்

தீவில் ஹெராக்லியோன், ஹானியா, சித்தியா ஆகிய மூன்று இடங்களில் விமான நிலையங்கள் இருக்கின்றன. பெரும்பாலான பயணிகளுக்கு முதலிரண்டும்தான் பயன்படும். ஹெராக்லியோனுக்குத் தென்கிழக்கே கஸ்தெல்லி என்ற இடத்தில் புதிய விமான நிலையம் ஒன்று கட்டப்பட்டு வருவதால், டிக்கெட்டில் எந்த நிலையத்தின் பெயர் இருக்கிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது. ஏதென்ஸிலிருந்து இவ்விரு நகரங்களுக்கும் ஆண்டு முழுவதும் நாள்தோறும் பல விமானங்கள் உண்டு. பறக்கும் நேரம் ஒரு மணிக்கும் குறைவு. கோடையில் ஐரோப்பாவின் பல நகரங்களிலிருந்து நேரடி விமானங்களும் வருகின்றன.

மற்றொரு வழி ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸிலிருந்து புறப்படும் இரவுக் கப்பல். ஹெராக்லியோனுக்கும் ஹானியா அருகிலுள்ள சூதா துறைமுகத்துக்கும் இரவு ஒன்பது, பத்து மணியளவில் புறப்படும் கப்பல்கள் காலை ஆறு மணியளவில் போய்ச் சேர்கின்றன. ஒரு விடுதி இரவு மிச்சமாகும், மூட்டை முடிச்சு எடை பற்றிய கவலையும் கிடையாது. டிக்கெட்டில் மூன்று வகை: படுக்கை அறை, சாய்வு இருக்கை, இடம் ஒதுக்கப்படாத தளப் பயணம். நீண்ட விமானத்தில் இறங்கிய அன்றே கப்பல் ஏறுபவர் படுக்கை அறையைத்தான் எடுக்க வேண்டும். சாய்வு இருக்கைக் கூடத்தில் இரவெல்லாம் விளக்கு முழுமையாக அணைவதில்லை. தளப் பயணிகளோ ஏறியதும் ஏறாததுமாக ஓய்வுக்கூடத்து நீள் இருக்கைகளைப் பிடித்துவிடுவார்கள். தாமதமாக வருபவர்களுக்கு நடைபாதையோரத் தரைதான் மிஞ்சும். அறை எடுத்தாலும் விடிவதற்கு முன்பே ஒலிபெருக்கியில் கிரேக்கத்திலும் ஆங்கிலத்திலும் அறிவிப்பு வந்து எழுப்பிவிடும். சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, லாரிகள் உறுமும் கீழ்த்தளத்துக்கு இறங்கி, பாதி இருட்டில் தீவில் கால்வைப்பீர்கள். விடுதி அறை பிற்பகலில்தான் கிடைக்கும் என்பதால், பெட்டியை முன்கூட்டியே வைத்துக்கொள்ள முடியுமா என்று விடுதியில் கேட்டுவைக்க வேண்டும்.

ஏதென்ஸ் விமான நிலையத்திலிருந்து பிரேயஸுக்கு மெட்ரோவின் மூன்றாம் தடம் 2022 முதல் நேராகச் செல்கிறது. ஒரு மணி நேரம் ஆகும். இரவும் பகலும் ஓடும் எக்ஸ்96 பேருந்தும் உண்டு. பிரேயஸ் மிகப் பெரிய துறைமுகம். வாயில்களுக்கு எண்கள் இருக்கும், கிரீட் கப்பல்கள் நிற்கும் வாயில் மெட்ரோ நிலையத்துக்குப் பக்கத்தில் இல்லை. பெட்டியை இழுத்துக்கொண்டு நடக்க முற்படாமல் துறைமுகத்துக்குள் ஓடும் இலவசப் பேருந்தைப் பிடியுங்கள். கப்பல் புறப்படுவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னதாக வாயிலில் இருப்பதுபோல் கணக்கிடுங்கள்.

இப்போது இந்தக் கட்டத்தின் ஆபத்துகள். காற்று பியூஃபோர்ட் அளவுகோலில் எட்டு, ஒன்பது என்று ஏறும்போது துறைமுக அதிகாரிகள் கப்பல்கள் புறப்படத் தடைவிதிப்பார்கள். கப்பல் ஊழியர்களின் வேலைநிறுத்தமும் கிரீஸில் புதிதல்ல. பொது வேலைநிறுத்த நாள்களிலும் மே 1 அன்றும் கப்பல்கள் கட்டப்பட்டே நிற்கக்கூடும். இதிலிருந்து பிறக்கும் விதி ஒன்றே: திரும்பும்போது நீண்ட தூர விமானத்துக்கு முந்தைய நாளே தீவிலிருந்து தலைநிலத்துக்கு வந்துவிட வேண்டும். தீவிலிருந்து காலையில் கிளம்பி அன்று மாலையே ஏதென்ஸில் நீண்ட விமானத்தைப் பிடிப்பது, தனித்தனி டிக்கெட்டுகளாக இருக்கும்போது, வீண் சூதாட்டம். கடைசி இரவை ஏதென்ஸில் வைத்தால் அக்ரோபோலிஸைப் பார்க்கும் வாய்ப்பும் கூடவே கிடைக்கிறது.

இனி நீண்ட விமானம்

மேற்கண்டவை முடிவான பிறகு விமானம் தேடும்போது மூன்று கேள்விகள் மட்டுமே மிஞ்சும்.

முதல் கேள்வி, ஒரே டிக்கெட்டா தனித்தனி டிக்கெட்டா என்பது. தீவு வரைக்கும் ஒரே முன்பதிவு எண்ணில் வாங்கினால், நடுவில் தாமதம் ஏற்பட்டு இணைப்பு விமானம் தவறும்போது அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது விமான நிறுவனத்தின் பொறுப்பு. பெட்டியும் பெரும்பாலும் இறுதி நிலையம் வரை தானாகவே போய்விடும். ஏதென்ஸ் வரை ஒன்று, அங்கிருந்து தீவுக்கு இன்னொன்று என்று வாங்கினால், முதல் விமானத்தின் தாமதத்துக்கு இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது. அப்படி வாங்குபவர் இடையில் ஐந்து மணி நேரமாவது விட வேண்டும். இல்லையேல் இரவுக் கப்பலை அந்த இடைவெளிக்குள் பொருத்திக்கொள்ளலாம். உள்ளூர் விமானங்களில் இலவசப் பெட்டி எடை நீண்ட விமானத்தில் உள்ளதைவிட மிகக் குறைவு, சில கட்டணங்களில் அறவே இல்லை. அந்தக் கூடுதல் தொகையையும் சேர்த்த பிறகு இரண்டு வழிகளையும் ஒப்பிட்டால், தனித்தனியாக வாங்குவதில் இருந்த இலாபம் பல நேரம் காணாமற்போகும்.

இரண்டாவது, தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகளின் கூட்டமான ஷெங்கன் பகுதிக்குள் எந்த நகரத்தில் முதலில் நுழைகிறீர்கள் என்பது. குடிவரவுச் சோதனை அந்த முதல் நகரத்தில்தான் நடக்கும். ஃபிராங்பர்ட் அல்லது ரோம் வழியாக ஹெராக்லியோன் போகிறவருக்கு அந்தச் சோதனை ஃபிராங்பர்ட்டிலோ ரோமிலோதான்; அதன்பின் தீவில் இறங்கும்போது நேராக வெளியே நடந்துவிடலாம். 2025 அக்டோபரில் தொடங்கிய புதிய நுழைவு வெளியேற்றப் பதிவு முறையில் கடவுச்சீட்டு முத்திரைக்குப் பதிலாக முகப்படமும் விரல்ரேகையும் கொண்டு பதிவு செய்யப்படுகிறது. முதல் பதிவுக்குக் கூடுதல் நேரம் பிடிக்கும். ஒன்றேகால் மணி நேர இடைவெளியில் இணைப்பு விமானம் காட்டும் டிக்கெட் விற்பனைக்கு இருக்கலாம். இரண்டரை மணி நேரத்துக்குக் குறையாத ஒன்றையே தேர்ந்தெடுங்கள்.

மூன்றாவது, வந்து சேரும் நேரம். கிழக்கிலிருந்து வருபவர்களின் உடல் முதல் சில நாள்கள் அதிகாலையிலேயே விழித்துக்கொள்ளும், மாலையானதும் சோரும். இதை எதிர்த்துப் போராடாமல், காலை எட்டு மணிக்குத் திறக்கும் தொல்லியல் தளங்களைப் பயணத்தின் தொடக்கத்தில் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். மேற்கிலிருந்து வருபவர்களுக்கு இது நேர்மாறு. அவர்கள் முதல் இரண்டு காலைகளைக் காலியாக விடட்டும். யாராக இருந்தாலும், இறங்கிய அன்றே மலைச்சாலையில் கார் ஓட்டக் கூடாது.

விசாவும் ஆவணங்களும்

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுகள் உட்படப் பல நாட்டுக் கடவுச்சீட்டுகளுக்குக் கிரீஸ் செல்ல ஷெங்கன் குறுகியகால விசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதங்களுக்கு முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள்களுக்கு முன் விண்ணப்பித்தாக வேண்டும். பரிசீலனை வழக்கமாக 15 நாள்கள். சில வேளைகளில் 45 நாள்கள் வரை நீளலாம். கோடைக்கு முன் நேர்காணல் நேரம் கிடைப்பதே கடினம் என்பதால், மூன்று மாதங்களுக்கு முன் தொடங்குவது உசிதம். பெரியவர்களுக்கான கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ, 6 முதல் 11 வயதுக் குழந்தைகளுக்கு 45 யூரோ. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பல ஷெங்கன் நாடுகளுக்குப் போகும் திட்டமானால், அதிக நாள்கள் தங்கும் நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும்; நாள்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டிடம்.

கடவுச்சீட்டு கடந்த பத்து ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும், ஷெங்கனை விட்டு வெளியேறும் நாளுக்குப் பின் மூன்று மாதங்களாவது செல்லுபடியாவதாகவும், இரண்டு வெற்றுப் பக்கங்கள் கொண்டதாகவும் இருக்க வேண்டும். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு, ஷெங்கன் பகுதி முழுவதற்கும், தங்கும் காலம் முழுமைக்கும் பொருந்த வேண்டும். பள்ளத்தாக்கில் நடக்கப் போகிறவர் தம் காப்பீடு மலைநடைக்கும் மீட்புச் செலவுக்கும் பொருந்துமா என்று கேட்டுக்கொள்ளட்டும். விசா கைக்கு வரும் முன் பணம் திரும்பாத டிக்கெட்டையோ விடுதியையோ வாங்காதீர்கள். விண்ணப்பத்துக்கு முன்பதிவுச் சான்று போதும். இலவசமாக ரத்து செய்யக்கூடிய விடுதி முன்பதிவுகள் இதற்காகவே பயன்படும். பயணத்தின் நடுவில் துருக்கிபோல் ஷெங்கனுக்கு வெளியே உள்ள நாட்டுக்குப் போய்த் திரும்பும் எண்ணம் இருந்தால், பலமுறை நுழையும் விசாவை விண்ணப்பத்திலேயே கேட்க வேண்டும். ஒருமுறை விசாவுடன் வெளியேறியவர் மீண்டும் உள்ளே வர முடியாது.

கார் வேண்டுமா?

வடகரை நகரங்களை மட்டும் பார்ப்பவருக்கு வேண்டியதில்லை. கேடெல் என்றழைக்கப்படும் பேருந்துகள் ஹானியா, ரெதிம்னோ, ஹெராக்லியோன் நகரங்களுக்கிடையே ஏறக்குறைய மணிக்கு ஒன்றாக ஓடுகின்றன. சுத்தமானவை, நேரம் தவறாதவை. தென்கரைக்கும் மலைக்கிராமங்களுக்கும் பேருந்து நாளுக்கு ஒன்றிரண்டுதான். ஆகவே பயணம் முழுவதற்கும் காரை எடுக்காமல், நான்கைந்து நாள்களுக்கு மட்டும் எடுப்பது பெரும்பாலோருக்குப் பொருந்தும். பழைய நகரங்களுக்குள் காரை நிறுத்த இடம் தேடுவது தனி வேதனை.

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வழங்கப்பட்ட உரிமங்களில் ஒருசில நாடுகளினுடையவை தவிர மற்றவற்றுக்கு, சொந்த உரிமத்துடன் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். அதை உரிமம் வழங்கிய நாட்டிலேயே புறப்படும் முன் வாங்க வேண்டும். கிரீஸில் போய் வாங்க முடியாது. கியர் மாற்றி ஓட்டும் கார்களே அங்கு இயல்பு, தானியங்கிக் கியர் வேண்டுபவர் முன்னதாகவே சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். முன்பதிவு செய்யும்போது டெபிட் அட்டை ஏற்கப்படுமா என்று பாருங்கள். பல நிறுவனங்கள் ஓட்டுநரின் பெயரிலுள்ள கிரெடிட் அட்டையில்தான் வைப்புத்தொகையைப் பிடித்துவைக்கும். ஒப்பந்தத்தில் கூர்ந்து படிக்க வேண்டியது காப்பீட்டு விலக்குகளை. முழுக் காப்பீடு என்று எழுதியிருந்தாலும் டயர், கண்ணாடி, காரின் அடிப்பகுதி ஆகியவையும், தார் போடாத சாலையில் நேரும் சேதமும் பல ஒப்பந்தங்களில் விலக்கப்பட்டிருக்கும். பாலோஸ் கடற்கரைக்குச் செல்லும் கரடுமுரடான மண்பாதை இந்த விலக்கில் நேராகப் போய் விழுகிறது. கிஸ்ஸாமோஸ் துறைமுகத்திலிருந்து படகில் போய்விடுங்கள்.

சாலையில் வலப்பக்கம் ஓட்ட வேண்டும். வடகரை நெடுஞ்சாலையின் பல பகுதிகளில் திசைக்கு ஒரு தடம்தான் உண்டு. மெதுவாகப் போகும் வண்டி வலப்பக்க ஓரப்பட்டைக்குப் பாதி ஒதுங்கி, பின்னால் வருபவருக்கு வழிவிடுவது அங்கே எழுதாத வழக்கம். இதை அறியாமல் தடத்தின் நடுவிலேயே போகும் புதியவர்களை, கண்ணாடியில் முட்டுவதுபோல் ஒட்டிக்கொண்டு உள்ளூர் வண்டிகள் துரத்தும். பதற்றப்படாமல் ஒதுங்குங்கள், ஆனால் வளைவுகளில் ஒதுங்காதீர்கள்: அங்கே ஓரத்தில் பழுதான வண்டியோ மிதிவண்டிக்காரரோ நிற்கலாம்.

முன்கூட்டியே நாள் குறிக்க வேண்டிய இரண்டு இடங்கள்

மற்ற நாள்களைப் போகிறபோக்கில் முடிவு செய்யலாம். சமரியாவும் க்னோசோஸும் மட்டும் அப்படியல்ல.

சமரியா பள்ளத்தாக்கு 1962 முதல் தேசியப் பூங்கா. பொதுவாக மே தொடக்கம் முதல் அக்டோபர் இறுதி வரை திறந்திருக்கும். மழையோ கடும் வெப்பமோ இருந்தால் அன்று மூடிவிடுவார்கள் என்பதால், உங்கள் திட்டத்தில் மாற்றுநாள் ஒன்று இருக்கட்டும். நடை ஓமலோஸ் சமவெளியின் விளிம்பில், சுமார் 1,230 மீட்டர் உயரத்தில் உள்ள சைலோஸ்காலோவில் தொடங்கி, லிபியக் கடலோரத்தில் அகியா ரூமெலியில் முடிகிறது. பூங்காவுக்குள் 13 கிலோமீட்டர், அதற்கு வெளியே ஊர் வரை மேலும் 3 கிலோமீட்டர். ஐந்து முதல் ஏழு மணி நேரம் ஆகும். முதல் பகுதி முழுவதும் மரக்கைப்பிடி போட்ட செங்குத்தான இறக்கம். மூச்சு வாங்காது, ஆனால் முழங்கால் மறுநாளும் அதை நினைவூட்டும். வழியில் நீரூற்றுகள் இருப்பதால் ஒரு பாட்டில் போதும்; காலில் செருப்பு மட்டும் கூடாது, பாதை முழுக்க உருளும் கற்கள். பூங்கா ஆனபோது மக்கள் வெளியேறிய பழைய சமரியா கிராமம் நடுவழியில் வருகிறது. அங்கே அமர்ந்து சாப்பிடுபவர்களின் பொட்டலங்களை க்ரி க்ரி என்ற காட்டாடுகள் நோட்டமிடும், உணவு கொடுக்காதீர்கள். கடைசிப் பகுதியில் இரும்பு வாயில்கள் எனப்படும் இடத்தில் இரு பக்கப் பாறைச்சுவர்களும் சில மீட்டர் இடைவெளிக்கு நெருங்கிவிடுகின்றன.

அகியா ரூமெலிக்குச் சாலை இல்லை என்பதால் மாலைப் படகில் சூயாவுக்கோ ஹோரா ஸ்ஃபாக்கியோனுக்கோ போய், அங்கே படகுக்காகக் காத்திருக்கும் பேருந்தில் ஹானியா திரும்ப வேண்டும். தொடங்கிய இடத்துக்கும் முடியும் இடத்துக்கும் நடுவே ஒரு மலைத்தொடரே நிற்கிறது. சைலோஸ்காலோவில் காரை நிறுத்திவிட்டு இறங்கியவர் அதை மீட்க அரை நாள் அலைய வேண்டும். எனவே சமரியா நாளன்று காரை மறந்துவிட்டு, ஹானியாவிலிருந்து கிளம்பும் முதல் பேருந்தில் ஏறுங்கள். கரைக்கு வந்ததும் முதல் வேலையாகப் படகுச் சீட்டை வாங்கிவிட்டு, பிறகு கடலில் இறங்குங்கள்.

க்னோசோஸ் ஹெராக்லியோனிலிருந்து 5 கிலோமீட்டர். நகரப் பேருந்திலேயே போகலாம். 1878இல் மினோஸ் கலோகைரினோஸ் என்ற ஹெராக்லியோன்காரர் முதலில் தோண்டிப் பார்த்த இந்த இடத்தில் 1900 முதல் ஆங்கிலேயத் தொல்லியலாளர் ஆர்தர் எவன்ஸ் பெரிய அளவில் அகழாய்வு நடத்தினார். சிவப்புத் தூண்களும் மேல்தளங்களும் கான்கிரீட்டால் அவர் எழுப்பிய மறுகட்டுமானங்கள். அவை சரியா தவறா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. எது மூலம், எது சேர்க்கை என்று தெரிந்துகொண்டு பார்த்தால் ஏமாற்றம் இராது. 2025இல் க்னோசோஸ் உட்பட ஆறு மினோவன் அரண்மனை மையங்கள் யுனெஸ்கோ உலக பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்துவிட்டதால் கூட்டம் குறையப் போவதில்லை. நேரம் குறித்த டிக்கெட்டை அரசின் இணையதளத்தில் முன்பே வாங்கி, திறக்கும் வேளையிலேயே உள்ளே போய்விடுங்கள். சுற்றுலாக் கப்பல் பயணிகளின் பேருந்துகள் வந்த பிறகு சிம்மாசன அறைக்கு மட்டுமே நீண்ட வரிசை நிற்கும். அரண்மனையில் காண்பவை பிரதிகள். காளையைத் தாண்டும் ஓவியம், பாம்புகளை ஏந்திய சிலைகள், 1908இல் கிடைத்து இன்றும் படிக்கப்படாத ஃபைஸ்டோஸ் வட்டு ஆகிய மூலப் பொருள்கள் ஹெராக்லியோன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. காலையில் அரண்மனை, வெயில் ஏறியதும் குளிரூட்டப்பட்ட அருங்காட்சியகம் என்ற வரிசை உடலுக்கும் நல்லது.

உணவு, பணம், மற்றவை

சைவ உணவு உண்பவர்கள் கிரீட்டில் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. வாற்கோதுமை ரொட்டியின் மேல் தக்காளியும் பாலாடைக்கட்டியும் பரப்பிய தாக்கோஸ், எலுமிச்சையும் ஆலிவ் எண்ணெயும் சேர்த்த வேகவைத்த கீரையான ஹோர்த்தா, அடுப்பில் சுட்ட பெரிய வெள்ளை மொச்சையான யீகாந்தெஸ் ஆகியவை எந்தச் சிற்றுணவகத்திலும் கிடைக்கும். அரிசி அடைத்த காய்கறியான யெமிஸ்தாவில் சில இடங்களில் கொத்திறைச்சியும் சேர்ப்பதுண்டு; கேட்டு வாங்குங்கள். கிரேக்கத் திருச்சபையின் நோன்பு நாள்களுக்குரிய உணவு நிஸ்தீசிமோ எனப்படும். அதில் இறைச்சியும் முட்டையும் பாலும் இராது. பால் பொருளையும் தவிர்ப்பவர் நீண்ட விளக்கம் கொடுப்பதைவிட அந்த ஒரு சொல்லைச் சொன்னால் சமையற்காரருக்கு உடனே புரிந்துவிடும், ஆனால் நத்தையும் கணவாயும் அந்தப் பட்டியலில் அனுமதிக்கப்பட்டவை என்பதால் அவை வேண்டாம் என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சாப்பிட்டு முடித்ததும் கேட்காமலேயே வரும் சிறு குப்பியில் இருப்பது தண்ணீர் அல்ல, ராக்கி என்ற கடும் மதுபானம்.

நாணயம் யூரோ. அட்டை எங்கும் செல்லும். மலைக்கிராமங்களுக்கும் படகுச் சீட்டுக்கும் கொஞ்சம் ரொக்கம் வைத்திருங்கள். விடுதியில் அறை வாடகைக்கு மேல் காலநிலைக் கட்டணம் ஒன்று வசூலிக்கப்படுகிறது. 2025 முதல் ஏப்ரல் தொடங்கி அக்டோபர் வரையிலான மாதங்களில் நட்சத்திர வகுப்பைப் பொறுத்து ஓர் இரவுக்கு ஓர் அறைக்கு 2 முதல் 15 யூரோ வரை ஆகும்; இணையத்தில் கட்டிய தொகையில் இது பெரும்பாலும் அடங்காது. மின்சாரம் 230 வோல்ட், செருகி இரண்டு உருளை முனைகள் கொண்டது. கழிவுக் குழாய்கள் குறுகலானவை என்பதால் கழிப்பறைக் காகிதத்தைப் பக்கத்திலுள்ள கூடையில்தான் போட வேண்டும். மருந்துக்கடையைப் பச்சைச் சிலுவை அடையாளம் காட்டும். அவசர உதவிக்கு 112. எலாஃபோனிசியின் இளஞ்சிவப்பு மணலை நினைவுப் பொருளாக அள்ளி வருவது சட்டப்படி குற்றம்.

திரும்பும் நாள்கள்

தீவை விட்டுப் புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னதாகவே வேலைநிறுத்த அறிவிப்பு எதுவும் உண்டா, காற்று முன்னறிவிப்பு எப்படி என்று விடுதி வரவேற்பில் கேளுங்கள்; அவர்களுக்கு அது உடனே தெரிந்திருக்கும். கப்பல் நிற்கும் என்று தெரிந்தால் அன்றே விமானத்துக்கு மாறிவிட வேண்டும். மறுநாள் எல்லாரும் அதையே செய்வார்கள், இருக்கை மிஞ்சாது. காரை ஒப்படைக்கும் முன் நான்கு பக்கமும், எரிபொருள் முள்ளும் தெரியும்படி படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஹெராக்லியோனில் ஒப்படைப்பதானால், விமான நிலையத்துக்கு நுழைவதற்கு முன்பே எரிபொருளை நிரப்பிவிட வேண்டும். கோடைச் சனி, ஞாயிறுகளில் அந்த விமான நிலையத்தில் பெட்டி ஒப்படைக்கும் வரிசை கட்டடத்துக்கு வெளியே வரை நீள்வதுண்டு. உள்நாட்டு விமானம்தானே என்று ஒரு மணி நேரம் முன்பு போகாமல், இரண்டு மணி நேரம் முன்பே போய்விடுங்கள்.